பதினொரு எலிப் படங்கள்

என்னுடைய மனுசன் உதயரூபன் செத்த எலியைக் கண்டால் நின்று பார்க்கிற ஆள். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போவார்கள். இவர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கி, ஒரு குச்சியால் புரட்டி, வாலை விரலால் அளந்து, "இது வீட்டெலி இல்ல புள்ள, வயலெலி. இங்க எப்பிடி வந்தது?" என்று என்னைக் கேட்பார். எனக்கென்ன தெரியும்? கலியாண வீட்டுக்குப் போகிற வழியில், பட்டுச்சேலையோடு வெயிலில் நான் நிற்பேன்; இவர் எலியோடு குந்தியிருப்பார். இந்த ஆராய்ச்சி ஒருநாள் என் அண்ணனைச் சாவின் வாசல் வரை கொண்டுபோய் விடும் என்று அப்போது நான் நினைக்கவில்லை.

நான் கேதீஸ்வரி. வவுணதீவுக்கு மேற்கே, உன்னிச்சைக்குளத்துத் தண்ணீர் பாய்கிற வயல் வட்டைகளுக்கு நடுவில் எங்கள் ஊர். பதினாறு வருடமாக எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குச் செயலாளர் நான்தான். கூட்ட அறிக்கை எழுதி எழுதிப் பழகிய கை. அதனால்தான் இதையும் நானே எழுதுகிறேன். இவரை எழுதவிட்டால் எலியைப் பற்றி நாற்பது பக்கம் எழுதிவிட்டு அண்ணனை மறந்துவிடுவார். ஒருமுறை மறந்தவர்தானே.

இவர் செய்யாத வேலை இல்லை. வயல் வேலை, வாவியில் இறால், மேசனுக்குக் கையாள். ஒன்றிலும் நிலைக்கவில்லை. சோம்பேறி என்று ஒருவரும் சொல்ல முடியாது, மாடு மாதிரி உழைப்பார். வாய்தான் கெடுத்தது. "சீமெந்து தண்ணி பட்டா ஏன் இறுகுது? சீனி தண்ணி பட்டா ஏன் கரையுது?" என்று ஒரு கிழமை கேட்டதில் மேசனுக்கே தலை சுற்றி, "தம்பி, நீ போய்ப் படிச்சித்து வா, மறுகா கல்லுத் தூக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். 

நாலு வருடத்துக்கு முன்பு எலிக்காய்ச்சலைப் பற்றி ஆராய ஒரு குழு எங்கள் பக்கம் வந்தது. ஒவ்வொரு போகத்திலும் வயல்காரர் யாராவது அந்தக் காய்ச்சலில் போய்ச் சேருவார்கள். எலியின் மூத்திரம் கலந்த சேற்றிலிருந்து வருகிற வியாதி. அந்தக் குழுவுக்கு எலி பிடித்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. வளையின் வாயைப் பார்த்தே உள்ளே எலி இருக்கிறதா, குடி பெயர்ந்துவிட்டதா என்று சொல்லக்கூடியவர் எங்கள் ஊரில் இவர் ஒருவர்தான். அன்றைக்குப் பிடித்தது சனி. இவருக்கில்லை, எனக்கு.

பின்னேரம் ஐந்து மணிக்கு வரம்போரமாக நாற்பது இரும்புக் கூடு வைப்பார். சுட்ட தேங்காய்ச் சொட்டும் வாட்டிய கருவாட்டுத் தலையும் இரை. அந்த வாசத்துக்கு எங்கள் பிள்ளைகள் இரண்டும் குசினிக்குள் ஓடி வந்தால், "அங்கால போங்க, இது எலிக்கு" என்று துரத்துவார். விடிந்ததும் எலி விழுந்த கூடுகளைச் சாக்கால் மூடிக்கொண்டுபோய் அந்தக் குழுவின் டொக்டர் நிஸ்றாவிடம் கொடுப்பார். டொக்டர் ஏறாவூர்க்காரி, முப்பது வயதுகூட இராது. அந்தப் பிள்ளை எலியை மயக்கி இரத்தம் எடுக்கும். பிறகு இவருடைய முறை. வெள்ளைப் பேசினுக்குள் எலியைப் பிடித்து, பல் துலக்குகிற பிரஷ்ஷால் மயிரை எதிர்ப்பக்கமாக வாரினால் தெள்ளு கொட்டும். நாயிலும் பூனையிலும் துள்ளுமே, அந்த மாதிரித் தெள்ளுப்பூச்சிதான். அதைப் பொறுக்கிக் குப்பியில் போட்டு, எந்த எலி, எவ்வளவு வால், எத்தனை தெள்ளு என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். 

ஒருநாள் அப்படித் தெள்ளுப் பொறுக்கும்போது டொக்டர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டது: "உதயரூபன் அண்ணன், இந்த மாதிரித் தெள்ளுதான் ஒரு காலத்தில கோடிக்கணக்கான சனத்தைச் சாகடிச்சது, தெரியுமா? பிளேக் எண்டு கேள்விப்பட்டிருக்கீங்களா?"

சொல்லியிருக்கக் கூடாது. இந்த மனுசனிடமா அதைச் சொல்வது?

அன்றைக்குத் தொடங்கியது. சோற்றுக் கோப்பைக்கு முன்னால் பிளேக். படுக்கையில் பிளேக். சங்கக் கூட்டத்தில் வாய்க்கால் திருத்துவது பற்றிக் கதைக்கும்போது எழும்பி நின்று பிளேக். "முதல்ல அது மனுசன்ட வருத்தமே இல்ல, எலிட வருத்தம். எலி செத்து உடம்பு குளிர்ந்து போனா அதில இருந்த தெள்ளுக்கு அங்க இருக்க ஒண்ணா, ஏலாது. சூடான உடம்பு தேடும். பக்கத்தில ஆர் இரிக்கான்? மனுசன்! கடிச்சா காய்ச்சல், கவட்டில, கக்கத்தில நெறி கட்டும். மறுகா ஆள் சரி." இதை அவர் சொல்லும்போது கேட்கிறவர்கள் எல்லாரும் தங்கள் கக்கத்தைத் தடவிப் பார்ப்பார்கள். நான் எத்தனை தரம் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

கிட்டத்தட்ட எழுநூறு வருடத்துக்கு முன்பு, ஐரோப்பாவில் நாலைந்து வருடத்துக்குள் மூன்றில் ஒரு பங்கு சனம் செத்துப்போனதாம். புதைக்க ஆளில்லாத ஊர்களாம். இத்தாலியில் ஒரு துறைமுகத்தில், வருகிற கப்பலை நாற்பது நாள் கரைக்கு விடாமல் கடலிலேயே நிறுத்தி வைத்தார்களாம். "பார் புள்ள, நாங்க செத்த வீட்டில முப்பத்தொரு நாள் துடக்குக் காக்கிறம், அவன் கப்பலுக்கு நாப்பது நாள் துடக்குக் காத்திரிக்கான்!" என்று இவர் துள்ளினார். பிறகு ஹொங்கொங், பிறகு பம்பாய், கடைசியில் ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினாலில் கொழும்பு. வெளியிலிருந்து கப்பலில் வந்த அரிசி மூட்டைகளோடு எலியும் தெள்ளும் இறங்கி, அரிசிக் கிட்டங்கிகளில் முதலில் எலி விழுந்து, பிறகு சனம் விழுந்தது என்று டொக்டர் சொன்னதாம். இருபது வருடத்துக்கு மேல் கொழும்பை அது விடவில்லையாம்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இவருக்கு ஒரு கேள்வி முளைத்தது. கொழும்புக்கு வந்த பிளேக் ஏன் மட்டக்களப்பில் பிடித்துப் பரவவில்லை? இங்கே எலி இல்லையா? தெள்ளு இல்லையா? சனம் இல்லையா?

ஏறாவூரில் அரிசி ஆலை வைத்திருக்கும் சாலிஹ் காக்காவிடம் போய் இதைக் கேட்டிருக்கிறார். ஆலைக்குள் நாலு பேர் நெல்லோடு நிற்கிறார்கள். "காக்கா, உங்கட ஆலையில எலி இருந்தும் ஏன் உங்கட வாப்பாமாருக்குப் பிளேக் வரல்ல?" என்று கேட்டால் அந்த மனுசன் என்ன செய்யும்? "அல்லாஹ்வே, மெல்லக் கதைங்க தம்பி! என்ட ஆலையில எலியே இல்ல!" என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாக வெளியே கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அதற்குப் பிறகு எங்கள் நெல்லைக் குத்தக் கொடுக்க நான்தான் போகிறேன்.

கடைசியில் டொக்டரே ஒரு பதில் சொன்னது. தெள்ளிலும் சாதி உண்டாம். கொழும்பில் அரிசி மூட்டையோடு வந்து குடியேறிய தெள்ளு பிளேக்கைக் கடத்துவதில் கெட்டிக்காரத் தெள்ளு. இந்தப் பக்கம் ஏற்கனவே இருந்தது வேறு சாதி. அதற்கு அந்தளவு கெட்டித்தனம் இல்லை என்று அந்தக் காலத்தில் கொழும்பிலேயே இருந்து ஆராய்ந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்களாம். இவருக்கு இது போதவில்லை. "எங்கட மார்க்கத்தில ஒண்டு சொல்லியிருக்கு அண்ணன்" என்று டொக்டர் மேலும் சொன்னது. "கொள்ளை நோய் இருக்கிற ஊருக்குள்ள போகவும் கூடாது, அந்த ஊரில இருக்கிறவங்க வெளிய ஓடவும் கூடாது. அப்பிடி இருந்தா பரவாதுதானே."

இவர் அன்று வீட்டுக்கு வந்து நெடுநேரம் முற்றத்தில் நடந்தார். பிறகு என்னிடம் வந்து, "கேதீசு, எங்கட அம்மாள் கோயில் சடங்குக்குக் காப்புக் கட்டினா ஊரெல்லை தாண்ட ஒண்ணா எண்டு வெச்சிரிக்காங்களே, அதுவும் இதுதானா?" என்று கேட்டார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கண்ணகை அம்மன் சடங்கு வைகாசியில் வரும். ஊரில் சூடும் அம்மை வருத்தமும் அடங்க அம்மாளைக் குளிரப் பண்ணுகிற குளிர்த்தியோடு முடியும். கதவு திறந்த நாளிலிருந்து குளிர்த்தி வரை, காப்புக் கட்டியவர்கள் எல்லை தாண்டுவதில்லை. ஊரில் ஒரு உயிரையும் கொல்வதில்லை. எங்கள் வழக்கம் அது. யார், ஏன் தொடங்கினார்கள் என்று நாங்கள் கேட்டதே இல்லை. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கும் மயிர் கூச்செறிந்தது. நல்ல கேள்விதான் என்று மனதுக்குள் நினைத்தேன். வெளியே சொல்லவில்லை; சொன்னால் விடிய விடியக் கதைப்பார்.

போன வைகாசியில் கோயிற் கதவு திறந்து நாலாம் நாள் என் அண்ணன் நல்லரத்தினத்துக்குக் காய்ச்சல் வந்தது.

அண்ணன் எனக்கு ஒன்பது வயது மூத்தவர். அப்பா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்த ஆள். கோயிலில் உடுக்கடித்துக் காவியம் பாடுவது அவர்தான், காப்பும் கட்டியிருந்தார். அதற்குப் பத்து நாள் முன்புதான் வட்டையில் உடைந்த வாய்க்காலை வெறுங்காலோடு நின்று கட்டினார். காலில் ஏதோ கிழித்துப் புண்ணாகியிருந்தது. சுகாதாரப் பரிசோதகர் பிஎச்ஐ ஐயா எலிக்காய்ச்சல் வராமலிருக்கக் கொடுத்த குளிசையைப் போட்டீர்களா என்று நான் கேட்டபோது, "ஓம் ஓம்" என்றார். அந்த ஓம் ஓமைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சடங்கு நாளில் காய்ச்சல் வந்தால் எங்கள் ஊரில் ஒரே பேச்சுத்தான். "அம்மாள் பார்த்திரிக்கா." வேப்பிலையைப் படுக்கையில் போட்டு, வாசலில் கட்டி, பச்சைத் தண்ணீர் தெளித்துப் பேசாமல் இருப்பார்கள். ஆஸ்பத்திரிப் பேச்சு எடுக்கக் கூடாது. அண்ணனின் பெண்சாதி புஸ்பம் மச்சாளும் அதைத்தான் செய்தா. 

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனைப் பார்க்க இவரும் நானும் போனோம். அவர்கள் வளவுக்குள் கால் வைத்ததும் இவர் நின்றுவிட்டார். நெல்லு மூட்டை அடுக்கிய கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு எலி செத்துக் கிடந்தது. கிணற்றடியில் ஒன்று. கோழிக்கூட்டுக்குக் கீழே மூன்று. இவர் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனார். பதினொன்று.

"மச்சாள், ஆரும் எலிப்பாஷாணம் வெச்சீங்களா?" என்று சத்தமாகக் கேட்டார்.

புஸ்பம் மச்சாள் உள்ளிருந்து, "சிவ சிவா! சடங்கு நாளையில அந்தப் பாவத்தை ஆரும் செய்வாங்களா?" என்றா.

இவருடைய முகம் வெளுத்தது. உள்ளே போய் அண்ணனின் கவட்டைத் தொட்டுப் பார்த்தார். நெறி கட்டியிருந்தது. காலில் புண் வந்தால் எந்த வயல்காரனுக்கும் நெறி கட்டும். அது இவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரத்தில் இவருடைய தலைக்குள் எழுநூறு வருடக் கதையும் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தது. ஓடிப்போய் வீட்டிலிருந்து கையுறையும் வெள்ளைப் பேசினும் பிரஷ்ஷும் கொண்டு வந்தார். செத்த எலிகளை வாரிப் பார்த்தார். ஒரு தெள்ளுகூட விழவில்லை.

"இல்ல புள்ள" என்றார் மெல்ல. "ஒண்டும் இல்ல. எல்லாம் எலியை விட்டுப் போயித்து."

எங்கே போயிருக்கும் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

அதற்குப் பிறகு இவர் செய்ததெல்லாம் படித்த பாடத்தின்படிதான். வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டினார். மச்சாளையும் அண்ணனையும் தவிர ஒருவரும் உள்ளே இல்லை. படுக்கைத் துணிகளை எரித்தார். டொக்டருக்குப் போன் அடித்தார், அது கொழும்பில் ஒரு பயிற்சிக்குப் போயிருந்தது, போன் எடுக்கவில்லை. எலிகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவமே" என்று நான் அழுதேன். "விசரா உனக்கு? ஊருக்குள்ளால கொண்டு போனா ஊரே போயிரும். வெளிய எடுக்க ஒண்ணா. டொக்டர் வந்து சொல்லட்டும்" என்றார். 

கயிற்றில் யாரோ வேப்பிலை கட்டிவிட்டுப் போனார்கள். ஊர் அம்மாள் என்றது, இவர் பிளேக் என்றார். இரண்டு பகுதியும் ஒன்றில் மட்டும் ஒத்துப்போனது: ஆளை வீட்டை விட்டு எடுக்கக் கூடாது. நானும் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்றேன். இதை மறைத்து என்ன? பயந்தேன். என் பிள்ளைகளை நினைத்தேன். என்னைத் தோளில் வைத்து வளர்த்தவர் உள்ளே முனகுகிறார், நான் வெளியே நிற்கிறேன். அந்த ஒரு பகலுக்காக இன்றும் என்னை நானே பேசிக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு டொக்டரின் அழைப்பு வந்தது. இவர் எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணன், எலிப் படம் பதினொண்டு வந்திருக்கு. ஆளின்ட படம் எங்க?"

இவர் முழித்தார். "ஆளுக்குக் காய்ச்சல் டொக்டர். நெறியும் இரிக்கி. எலியில தெள்ளு ஒண்டும்..."

"தெள்ளை விடுங்க. கண் என்ன நிறம்?"

இவர் எலிக் கொப்பியைப் புரட்டினார்.

"கெண்டைக்கால் நோகுதெண்டு சொல்றாரா? கடைசியா எப்ப சலம் போனது?" ஆஸ்பத்திரிப் பேச்சில் சிறுநீரைச் சலம் என்றுதான் கேட்பார்கள்.

இவர் என்னைப் பார்த்தார். நான் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற மச்சாளைப் பார்த்தேன். 

"அண்ணன், எலியைப் பார்த்தீங்க. தெள்ளைப் பார்த்தீங்க. ஆளைப் பார்த்தீங்களா?"

அந்தப் பிள்ளை கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் அது அப்படிச் சுட்டது. நான் கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். பிளேக் என்றால் பிளேக், போகட்டும். அண்ணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். முகத்தைத் திருப்பினேன். கண் இரண்டும் வெற்றிலைச் சாறு மாதிரிச் சிவந்து, ஓரத்தில் மஞ்சள் பூத்திருந்தது. கெண்டைக்காலைத் தொட்டதும் "அம்மோ!" என்று கத்தினார். 

"நேத்து விடியத்தில இருந்து சலம் போகல்ல" என்றா மச்சாள். பிறகு சுவரோடு சரிந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கினா. "நான்தான் கேதீசு பாஷாணம் வெச்சன். கோயில்ல குத்துறதுக்கு நேர்ந்து வெச்ச நெல்லை எலி அறுத்துப் போட்டுத்து. சடங்கு நாளெண்டு சொல்லப் பயமாயிரிந்தது. அம்மாள் அதுக்குத்தான் இவரைப் பிடிச்சித்தா எண்டு..." 

பாவி மனுசி! ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்! ஆனால் எப்படிச் சொல்வா? ஊரே ஒரு எறும்பை மிதிக்கப் பயப்படுகிற நாளில் பதினொரு உயிரைக் கொன்றேன் என்று வாசலில் நின்று சொல்ல எனக்கென்றாலும் வாய் வராது.

டொக்டர் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. "பிளேக் இந்த நாட்டில எண்பது வருசத்துக்கு மேல இல்ல. இது எலிக்காய்ச்சல். சிறுநீரகம் நிக்கப் போகுது. இப்பவே 1990 அம்புலன்சுக்கு அடிங்க. நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வைக்கிறன்" என்றது. எலிக்காய்ச்சல்! நாலு வருடமாக இவர் கூடு வைத்துத் தேடுகிற அதே வருத்தம். பக்கத்து வளவில், சொந்த மச்சானுக்கு.

அம்புலன்ஸ் வந்தது. இவரும் இன்னும் மூன்று பேரும் அண்ணனைத் தூக்க, அண்ணன் கட்டிலைப் பிடித்துக்கொண்டார். "காப்போட எல்லை தாண்ட ஒண்ணா. நான் வரல்ல." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. ஆனால் பிடி விடவில்லை. சடங்கு நடத்துகிற கோயிற் கட்டாடியாரும் வந்து நின்றார். குளிர்த்திக்கு முன்பு காப்பை அவிழ்க்க அவருக்கும் வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. பாவம், அவர் என்ன செய்வார். அம்புலன்ஸ் இரைந்துகொண்டு நின்றது.

எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ தெரியாது. மச்சாளின் தையல் கத்தரிக்கோலை எடுத்தேன். அண்ணனின் கையிலிருந்த மஞ்சள் நூலைக் கத்தரித்தேன். அறுத்த நூலை என் இடக்கையில் சுற்றி, பல்லால் கடித்து இறுக்கி முடிந்தேன்.

"காப்பு ஊருக்குள்ளதான் இரிக்கி" என்றேன். "குளிர்த்தி முடியிறவரைக்கும் இது எல்லை தாண்டாது. நான் இரிக்கன். நீங்க போங்க."

கட்டாடியார் என் கையைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "சரி புள்ள, அது இரிக்கட்டும். ஆளைத் தூக்குங்க" என்றார். அண்ணன் கட்டிலை விட்டுவிட்டார்.

இவரும் மச்சாளும் அம்புலன்சில் ஏறினார்கள். வலையிறவுப் பாலம் தாண்டினால் டவுன், பெரியாஸ்பத்திரி. எனக்குப் பாலத்தடிக்கே போக முடியாது. நானே கட்டிக்கொண்ட கட்டு. 

மூன்று நாள். அண்ணனுக்கு மெசினில் இரத்தம் சுத்தம் பண்ணினார்கள். நான் கோயில் முற்றம் கூட்டினேன், வாழை கட்டினேன், சங்கத்துப் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணீர் ஊற்றினேன்; மணிக்கொரு தரம் போன் எடுத்து ஒரே கேள்வி கேட்டேன். "சலம் போச்சா?" அங்கிருந்து இவர், "இன்னும் இல்ல புள்ள." இவ்வளவுதான் பேச்சு. ஊரில் சின்னப் பிள்ளைகள்கூட என்னைக் கண்டால், "மாமி, சலம் போச்சாமா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். சிரிக்கவில்லை ஒருவரும். அண்ணனின் உடுக்கை எடுத்துக் கொடுக்கப் போனபோது, அதன் உறைப் பைக்குள் பிஎச்ஐ ஐயா கொடுத்த குளிசைகள் அப்படியே இருந்தன. இதுதான் அந்த ஓம் ஓம். உடுக்கு எடுக்கும்போது ஞாபகமாகப் போடலாம் என்று வைத்திருப்பார் போலும். 

குளிர்த்தி நாள் காலை கோயில் வெளியில் பெண்கள் உரலில் நெல் குத்திக்கொண்டிருந்தோம். மச்சாள் வீட்டு நெல்லை ஒதுக்கி வேறு வீட்டு நெல் எடுத்திருந்தார்கள். சுற்றி நூறு பேர். காவியம் பாடுகிறார்கள், மணி அடிக்கிறார்கள், குரவை போடுகிறார்கள். இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. ஒரு கையில் உலக்கை, ஒரு கையில் போன்.

"புள்ள!" இவர் கத்துகிறார். "போயித்து! சலம் போயித்து! முந்நூற்றி இருவது மில்லி!"

நான் என்ன செய்தேன் என்று எனக்கே தெரியாது. உலக்கையைப் போட்டுவிட்டு, அம்மாள் சந்நிதானத்துக்கு நேரே நின்று, "அண்ணனுக்குச் சலம் போயித்தாம்! முந்நூற்றி இருவது மில்லியாம்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். காவியம் நின்றது. கட்டாடியார் திரும்பிப் பார்த்தார். மறு நொடி பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு குரவை போட்டார்கள் பாருங்கள், எங்கள் கோயிலில் அப்படி ஒரு குரவை நான் கேட்டதே இல்லை. சலத்துக்குக் குரவை போட்ட ஊர் எங்களுடையது மட்டுமாகத்தான் இருக்கும். நான் உரலைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

காப்பு அவிழ்த்த மறுநாள் பாலம் தாண்டிப் போனேன். அண்ணன் தலையணையில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். என் வெறுங்கையைப் பார்த்துவிட்டு, "என்ட காப்பைக் கெட்டுப் போகாம அவிழ்த்தாயா?" என்று கேட்டார். ஓம் என்றேன்.

இவர் கட்டிலின் கீழே, தரையில், அந்த மூத்திரப் பைக்கு நேரே குந்தியிருந்தார். நாலைந்து நாளாகத் தாடி வழிக்கவில்லை. கண் உள்ளே போயிருந்தது. "நான் பார்க்கல்ல கேதீசு" என்றார் என்னைக் கண்டதும். "மச்சான் முகத்தை நான் பார்க்கவே இல்ல." வீட்டிலிருந்து எத்தனையோ பேச்சு மனதில் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மடியில் அவருடைய எலிக் கொப்பி இருந்தது. வாங்கிப் புரட்டினேன். முன் பக்கங்களில் வாலின் நீளம், தெள்ளின் எண்ணிக்கை. பிறகு திங்கட்கிழமை. ஒன்பது மணி, இல்லை. பத்து மணி, இல்லை. பதினொரு மணி, இல்லை. இடையிடையே கண் நிறம், கால் நோவு, எத்தனை மிடறு தண்ணீர். இரவு முழுக்க, மறுநாள் முழுக்க, அதற்கு மறுநாள் முழுக்க, ஒரு மணி தவறாமல், இல்லை, இல்லை, இல்லை. நாலு பக்கம் இல்லை. பிறகு ஒரு இடத்தில் எழுத்துக் கோணலாகி, 320.

இன்று இவர் மறுபடியும் கூடு வைக்கிறார். மட்டக்களப்பில் பிளேக் ஏன் பிடிக்கவில்லை என்று இன்னும் கேட்கிறார். தெள்ளின் சாதியா, எல்லை தாண்டாத வழக்கமா, கப்பல் அரிசி வாங்காமல் சொந்த நெல்லை உண்டதாலா என்று நானும் சில நேரம் சேர்ந்து யோசிக்கிறேன். ஆனால் காய்ச்சல் என்று யாராவது சொன்னால் எலியைத் தேடுவதில்லை. நேரே ஆளின் முகத்துக்குக் கிட்டப் போய்க் கண்ணை விரித்துப் பார்க்கிறார். அந்தக் கொப்பியைத் திருப்பித் தரச்சொல்லி எத்தனையோ தரம் கேட்டுவிட்டார். கொடுக்கவில்லை. என் அலுமாரிக்குள், அண்ணனின் அறுத்த காப்போடு இருக்கிறது.